மாட்யூலின் அடியில் பூசும் பசை

மோட்டார் வண்டிக்குப் புதிய இக்னிஷன் மாட்யூல் வாங்குவோர் அதன் அட்டைப் பெட்டியைப் பிரிக்கையில், விரல் நீளமே உள்ள சிறு பிளாஸ்டிக் உறை ஒன்று உள்ளே கிடப்பதைக் காண்பதுண்டு. அதனுள் வெண்ணிறமாகவோ நிறமற்றோ சிறிது பசை இருக்கும். அதைக் குறித்துப் பெட்டியிலுள்ள துண்டுத்தாளில் ஒரு வரி காணப்பட்டால் அது பெரிது. சில தாள்களில் அதுவும் இராது. ஆகவே அவ்வுறை பட்டறைக்குப் பட்டறை வெவ்வேறு கதியை அடைகிறது. ஒருவர் அதைக் குப்பையில் எறிகிறார். மற்றொருவர் திருகாணிகளுக்குத் தடவுகிறார். இன்னொருவர், துருப்பிடியாமல் இருப்பதற்காக அளிக்கப்பட்ட ஏதோ ஒரு மெழுகு என்று கருதி, மின் இணைப்பு முனைகளில் அப்பிவிடுகிறார். அண்மைக் காலத்தில் நான்காவது வழக்கம் ஒன்றும் தோன்றியுள்ளது. கம்ப்யூட்டர் கடைகளில் விற்கும் விலையுயர்ந்த பசையே சிறந்தது என நம்பி, உறையிலுள்ளதை ஒதுக்கிவிட்டு அதனை வாங்கிப் பூசுவதே அது.

முதல் மூன்றும் அறியாமையின் விளைவு என்று எவரும் எளிதில் கூறிவிடுவர். நான்காவதோ அறிவின் தோற்றத்துடன் வருகிறது. பசைக் குழாயின்மேல் அச்சிட்டுள்ள எண் ஒன்றைச் சுட்டிக்காட்டி, எண் பெரிதாயின் பசையும் சிறந்தது என வாதிக்கப்படுகிறது. இவ்வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை ஆராய்தல் நலம். இது அற்ப விஷயம் அன்று. மாட்யூல் பழுதானால், வேகமாகச் செல்லும் வண்டி நடுச்சாலையிலேயே உயிரற்று நின்றுவிடக்கூடும். புதியதை மாற்றிய சில வாரங்களில் அதுவும் பழுதாகுமானால், பழி பாகத்தை விற்றவர்மீதோ பொருத்தியவர்மீதோ விழும். செலவழிந்த பணமோ வண்டிக்கு உரியவருடையது.

பழைய வண்டிகளில் இத்தொல்லை இருந்ததில்லை. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் வகுத்த பாட்டரி எரியூட்டு முறை 1910-ஆம் ஆண்டில் காடிலாக் வண்டிகளில் இடம் பெற்றது. அது முதல் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, மின்சுருளுக்குச் செல்லும் மின்னோட்டத்தைத் தக்க தருணத்தில் துண்டிக்கும் வேலையை ஒரு சிறு இயந்திரச் சுவிட்சே செய்து வந்தது. இந்நாட்டு மெக்கானிக்குகள் அதனைப் ‘பிளாட்டினம் பாயிண்ட்’ என்று கூறுவர். அம்முனைகள் பிற்காலத்தில் டங்ஸ்டனால் செய்யப்பட்டன; பெயர் மட்டும் பிளாட்டினமாகவே நிலைத்துவிட்டது. அம்பாஸடர், பிரீமியர் பத்மினி ஆகிய பெயர் பூண்ட பழைய பெட்ரோல் வண்டிகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. முனைகள் கருகும், தேயும். அவற்றை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரி செய்து, வண்டியை மீண்டும் ஓட்டிவிடலாம். அவை தேய்வது கண்ணுக்குத் தெரியும் தேய்வாகும்.

அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் 1973-ஆம் ஆண்டின் மாடல்களிலும், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1975-ஆம் ஆண்டின் மாடல்களிலும் இச்சுவிட்சை நீக்கிவிட்டு, அதன் வேலையை டிரான்சிஸ்டரிடம் ஒப்படைத்தன. ஜெனரல் மோட்டார்ஸ் அமைப்பில் டிரான்சிஸ்டரும் அதன் துணைச் சுற்றுகளும் ஓர் உலோகத் தகட்டின்மேல் அமைக்கப்பட்டு, கறுப்பு நிறக் கூட்டினுள் அடைக்கப்பட்டு, டிஸ்ட்ரிபியூட்டரின் உள்ளேயே இரு திருகாணிகளால் பொருத்தப்பட்டன. தேய்மானம் ஒழிந்தது, பராமரிப்பும் குறைந்தது. ஆயின் இயந்திரச் சுவிட்ச் அறியாத பகை ஒன்று இப்புதிய உறுப்புக்கு உண்டு. அதுவே உஷ்ணம்.

இவ்வுஷ்ணம் எங்கிருந்து பிறக்கிறது என்பது அறியத்தக்கது. வலிமையான பொறி வேண்டின், மின்சுருளில் விரைவாக மின்னோட்டம் ஏற வேண்டும். அதற்காகச் சுருளின் தடை மிகக் குறைவாக வைக்கப்படுகிறது. அவ்வாறு வைத்தபின் ஓட்டம் எல்லை மீறி ஏறாதபடி, சுமார் 5.5 ஆம்பியரில் மாட்யூல் அதனைத் தடுத்து நிறுத்துகிறது. சுருளின் தடை அரை ஓம் எனவும், வண்டி ஓடுகையில் கிடைக்கும் அழுத்தம் 14 வோல்ட் எனவும் கொள்க. சுருள் எடுத்துக்கொள்வது 3 வோல்ட்டுக்கும் குறைவே. எஞ்சிய 11 வோல்ட்டை டிரான்சிஸ்டரே தாங்க வேண்டும். 11 வோல்ட், 5.5 ஆம்பியர் எனில் ஏறக்குறைய 60 வாட் ஆகிறது. ஓட்டம் தடுக்கப்பட்டு நிற்கும் அந்தச் சிறு கணங்களில், நகத்தளவினும் சிறிய சிலிக்கன் வில்லை ஒன்றில் ஒரு பழைய வீட்டு பல்பின் உஷ்ணம் முழுவதும் பிறக்கிறது. இந்நிலை ஒவ்வொரு பொறிக்கும் இடையே சிறிது நேரமே நீடிப்பதால், சராசரி அவ்வளவு உயர்ந்ததன்று. ஆறில் ஒரு பங்கு நேரம் எனக் கொண்டால் 10 வாட் வரும்.

பத்து வாட் உஷ்ணமும் வெளியேறுவதற்கு உள்ள முக்கிய வழி, மாட்யூலின் அடித்தகட்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரின் அலுமினியக் கூட்டுக்குச் செல்லும் வழியே. இரண்டும் உலோகம், இரண்டும் கண்ணுக்குச் சமதளமாகவே தோன்றும். இரண்டையும் சேர்த்துத் திருகாணியை முடுக்கிவிட்டால் உஷ்ணம் தானே கடந்து செல்லாதா என்ற ஐயம் எழுவது இயல்பு. பூதக்கண்ணாடியின் கீழ் அவை சமதளமல்ல. மேடும் பள்ளமும் நிறைந்த இரு நிலங்களை முகத்தோடு முகம் வைத்தாற்போல், அவை சில மேடுகளில் மட்டுமே தொடுகின்றன. மற்ற இடமெங்கும் காற்று நிறைந்திருக்கிறது. அசைவற்ற காற்றைவிட மோசமாக உஷ்ணத்தைக் கடத்தும் பொருளை ஒரு பட்டறையில் தேடிக் காண்பது அரிது. கம்பளிப் போர்வை குளிரைத் தடுப்பது தன் இழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்படுத்தி வைப்பதனாலேயே ஆகும். பசை பூசாது மாட்யூலைப் பொருத்துபவர், மெல்லிய போர்வை ஒன்றை அதன் அடியில் விரித்துவிட்டே திருகாணியை முடுக்குகிறார்.

பசையின் வேலை அக்காற்றை வெளியேற்றுவதே. அதனைக் கணக்கில் காணலாம். உஷ்ணம் கடக்கும் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் எனவும், இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு எனவும், கடக்க வேண்டிய உஷ்ணம் மேற்கூறிய 10 வாட் எனவும் கொள்க. அவ்விடைவெளியில் முற்றிலும் காற்றே இருக்குமானால், மாட்யூலின் அடித்தகடு டிஸ்ட்ரிபியூட்டரைவிட 38 டிகிரி சென்டிகிரேட் கூடுதலாகச் சூடேறும். மேடுகள் சில இடங்களில் தொட்டுக்கொள்வதால் உண்மையில் இது சற்றுக் குறையலாம். மின் இணைப்புகளில் பூசும் சாதாரண மின்காப்புச் சிலிக்கோன் கிரீஸை அங்கே நிரப்பினால் வேறுபாடு சுமார் 5 டிகிரியாகிவிடும். துத்தநாக ஆக்சைடுத் தூள் கலந்த வெண்ணிறச் சிலிக்கோன் பசையைப் பூசினால் சுமார் ஒன்றரை டிகிரி. உஷ்ணம் கடத்தும் திறன் அதனைவிடப் பத்து மடங்குக்கும் மேலானது என விளம்பரம் செய்யப்படும் கம்ப்யூட்டர்ப் பசையைப் பூசினால், ஒரு டிகிரியில் எட்டில் ஒரு பங்கு.

இவ்வெண்களை மேலிருந்து கீழாக ஒருமுறை நோக்குவோர்க்கு உண்மை விளங்கும். எந்தப் பசையுமின்றி இருப்பதற்கும் மலிவான பசை இருப்பதற்கும் உள்ள வேற்றுமை முப்பது டிகிரிக்கு மேல். மலிவான வெண்பசைக்கும் விலையுயர்ந்த பசைக்கும் உள்ள வேற்றுமை ஒன்றரை டிகிரியும் இல்லை. குழாயின்மேல் அச்சிட்ட எண் பொய்யன்று. பத்து மடங்கு என்றால் பத்து மடங்குதான். ஆயினும் ஏற்கெனவே சிறிதாகிவிட்ட ஒரு தடையைப் பத்தில் ஒன்றாக்குவதால் வரும் இலாபமும் சிறிதாகவே இருக்கும். கம்ப்யூட்டரில் சதுர சென்டிமீட்டர் ஒன்றிரண்டே உள்ள சில்லின் வழியாக நூறு வாட்டுக்கு மேலும் வெளியேற வேண்டியிருக்கிறது. அங்கே இந்த எண் மதிப்புடையது. அங்குப் பெற்ற புகழைக் கொண்டு இங்கும் அதற்குச் சிம்மாசனம் அளிப்பது பொருந்தாது.

இதற்கு ஒரு மறுப்பு கூறப்படலாம். உஷ்ணம் அடித்தகடு முழுவதும் சமமாகப் பரவி வெளியேறுவதில்லை. டிரான்சிஸ்டரின் நேர் கீழேயுள்ள சிறு பகுதியின் வழியாகவே பெரும்பங்கு செல்கிறது என்பர். இம்மறுப்பு நியாயமானதே. பரப்பு ஐந்தில் ஒன்றாகச் சுருங்குமாயின், மேலே கண்ட எண்கள் ஒவ்வொன்றும் ஐந்து மடங்காகும். வெண்பசையின் ஒன்றரை டிகிரி ஏழரை டிகிரியாகும் என்பது உண்மையே. காற்றின் பங்கு அப்பொழுது நூற்றுத் தொண்ணூறு டிகிரி என்றாகி, மாட்யூல் முதல் நாளே மடிந்துபோகும். விகிதம் மாறுவதில்லை. ஏழு டிகிரியும் பெறுமதியுடையதே என்று கருதி நல்ல பசையை நாடுவோரைக் குறை கூற வேண்டியதில்லை. மின்னணு உறுப்புகளின் ஆயுள் ஒவ்வொரு பத்து டிகிரி உயர்வுக்கும் ஏறத்தாழப் பாதியாகும் எனப் பொறியாளர் கைக்கணக்காகக் கூறுவதுண்டு. ஆனால் அவ்வேழு டிகிரியை நாடுபவர் முதலில் வேறிடத்தில் நாட வேண்டும். அது பசையின் தடிப்பு.

வெண்பசையையே ஒரு மில்லிமீட்டர் தடிப்பாக விட்டுவிட்டால், முதற் கணக்கின்படி வேறுபாடு ஒன்றரை டிகிரியிலிருந்து 14 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. அதாவது மின்காப்புக் கிரீஸை மெல்லியதாகப் பூசியவர், உயர்ந்த பசை என்று வெண்பசையைக் குழைத்து அப்பியவரைவிட நல்ல நிலையில் இருக்கிறார். தாராளம் இவ்விடத்தில் கேடு செய்கிறது. போர்டு நிறுவனத்தின் மாட்யூல்களுக்கான பழுதுபார்ப்புக் குறிப்பில், அடித்தகடு முழுவதும் ஓர் அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கு தடிப்புக்குச் சிலிக்கோன் கிரீஸ் பூசுமாறு கூறப்பட்டிருந்தது. அது முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இதைப் படிப்போர் அத்தடிப்பே நிலைத்து நிற்க வேண்டும் என எண்ணிவிடக் கூடாது. கிரீஸ் இளகிய பொருள். திருகாணிகள் முடுக்கப்படும்பொழுது மிகுதியானது ஓரங்களில் பிதுங்கி வெளிவந்துவிடும். பூசும்பொழுதுள்ள தடிப்பு வேறு, முடுக்கியபின் நிற்கும் தடிப்பு வேறு. மிக இறுகிய கம்ப்யூட்டர்ப் பசைகள் சில அவ்வாறு எளிதில் பிதுங்குவதில்லை. அங்கே வலிமையான வில்கள் நேர் மேலிருந்து அழுத்துகின்றன. இங்கோ இரு ஓரங்களில் இரு சிறு திருகாணிகளே உள்ளன. நடுப்பகுதியில் பசை தடித்து நின்றுவிட்டால், எட்டில் ஒரு டிகிரி என்ற பெருமையெல்லாம் ஏட்டளவில் போய்விடும்.

அப்படியாயின் பசையில் எதைப் பார்த்து வாங்குவது? முதலாவது அதன் பொறுமை. எஞ்சினுடன் பொருத்தப்பட்ட டிஸ்ட்ரிபியூட்டர் நாள்தோறும் சூடேறி ஆறுகிறது, ஆண்டுக்கணக்கில் அதிர்கிறது. வண்டியை நிறுத்தியபின் விசிறியும் குளிர்நீர் ஓட்டமும் நின்றுவிடுவதால், மூடியின் கீழ் உஷ்ணம் சிறிது நேரம் மேலும் உயரவே செய்யும். இவ்வுயர்விலும் உருகி ஓடாமல், உலர்ந்து சுண்ணாம்புபோல் உதிராமல், எண்ணெய் பிரிந்து வடியாமல் நிற்கும் பசையே வேண்டும். சிலிக்கோன் எண்ணெயை அடிப்படையாகக் கொண்டு, 150 டிகிரிக்குக் குறையாத உஷ்ணத்தைத் தாங்கும் என அறிவிக்கப்பட்ட பசைகள் இதற்குத் தகுதியானவை. சக்கரத் தாங்கிகளுக்கு இடும் சாதாரணக் கிரீஸ் தகுதியற்றது. அதிலுள்ள கனிம எண்ணெய் தொடர்ந்த உஷ்ணத்தில் பிரிந்து, இறுகிக் கருவார்னிஷாகிவிடும். ‘கிரீஸ் பூசுக’ என்று மட்டும் எழுதிய தாள் இந்தத் தவற்றுக்கே வழிகாட்டுகிறது.

இரண்டாவது, அது மின்சாரத்தைக் கடத்தலாகாது. மாட்யூலின் முனைகள் அடித்தகட்டுக்கு மிக அருகில் உள்ளன. பிதுங்கி வரும் பசை அவற்றைத் தொடுவது இயல்பு. திருகாணி இறுகிப்போகாமல் இருப்பதற்காகத் தயாரிக்கப்படும் செம்புத்தூள் பசை பளபளப்பாக இருப்பதாலும் உலோகம் கலந்திருப்பதாலும் உஷ்ணத்தை நன்கு கடத்தும் என்று எடுத்துப் பூசுவோர் உண்டு. அது இவ்விடத்துக்கு உரியதன்று.

மூன்றாவது ஓர் எச்சரிக்கை. கம்ப்யூட்டர் ஆர்வலர்களிடையே ‘திரவ உலோகம்’ என்ற பெயரில் காலியம் கலந்த உலோகக் கலவை ஒன்று வழங்குகிறது. உஷ்ணம் கடத்துவதில் அது எல்லாப் பசைகளையும் விஞ்சியது. காலியம் அலுமினியத்தின் மணிகளுக்கிடையே ஊடுருவி, அதனை மண்கட்டிபோல் உதிரச் செய்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டரின் கூடு அலுமினியம். எண்ணை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் கடைசியில் போய்ச் சேரும் இடம் இதுவே என்பதைக் கருதினால், அவ்வெண்ணை மட்டும் அளவுகோலாகக் கொள்வதன் ஆபத்து தெளிவாகும்.

இனிப் பெயர்களைப் பற்றிச் சிறிது கூற வேண்டும்; குழப்பத்தின் வேர் அங்கேதான் உள்ளது. பெட்டியிலுள்ள உறையின்மேல் சில சமயம் ‘டை-எலெக்ட்ரிக் கிரீஸ்’ என்றும், சில சமயம் ‘ஹீட் சிங்க் காம்பவுண்ட்’ என்றும், சில சமயம் ‘சிலிக்கோன் லூப்ரிகென்ட்’ என்றும் அச்சிடப்படுகிறது. முதற்பெயர் அதன் மின் குணத்தைக் கூறுகிறது. இரண்டாவது அதன் வேலையைக் கூறுகிறது. மூன்றாவதோ அது செய்யாத வேலையைக் கூறுகிறது. இங்கே உராயும் பகுதி எதுவுமில்லை. உயவுக்கு என்ன அவசியம்? இத்தாள்கள் தமிழிலோ ஏனைய இந்திய மொழிகளிலோ பெயர்க்கப்படும்பொழுது, சொல்லுக்குச் சொல் வைத்து ‘மின்காப்பு மசகு’ என்று எழுதிவிடுவது எளிது. இலக்கணப்படி அதில் பிழையில்லை. பட்டறையில் நிற்பவர் அதைப் படித்தால், மின்சாரத்தைத் தடுக்கும் பொருளை மாட்யூலுக்கும் கூட்டுக்கும் இடையில் பூசினால் ‘எர்த்’ கிடைக்காமல் போய்விடுமே என்று அஞ்சுவார். அஞ்சி, அதைத் துடைத்தும் விடுவார். அவர் அச்சம் மூடத்தனமன்று. ஜெனரல் மோட்டார்ஸ் மாட்யூல் தன் உடலின் வழியாகவே மின்சுற்றை முடித்துக்கொள்கிறது. அந்த இணைப்பைத் தருவது பொருத்தும் திருகாணிகளும் அவை செல்லும் உலோக வளையங்களுமே. பசை பூசிய பரப்பை அதற்கு நம்பியிருக்க வேண்டியதில்லை. திருகாணித் துளைகளைச் சுத்தமாக வைத்துத் திருகாணிகளை நன்கு முடுக்கினால் போதும். இவ்விரு வாக்கியங்களையும் தாளில் சேர்ப்பதற்கு எத்தனை காகிதம் செலவாகிவிடும்?

‘பிளாட்டினம் பாயிண்ட்’ என்ற பெயர் தவறாயிருந்தும் எவருக்கும் தீங்கு செய்யவில்லை; டங்ஸ்டன் முனைக்குச் செய்ய வேண்டியதையே மெக்கானிக் செய்தார். பசையின் பெயர் அப்படிப்பட்டதன்று. பெயரைக் கொண்டே அதை எங்கே பூசுவது, எவ்வளவு பூசுவது, எதனால் ஈடு செய்வது என்று முடிவு செய்யப்படுகிறது. ஆதலின் மொழிபெயர்ப்போர் குணத்தைப் பெயர்ப்பதை விடுத்து வேலையைப் பெயர்ப்பதே தகும். ‘மாட்யூலின் உஷ்ணத்தை வெளியேற்றும் பசை’ என்பது நீண்ட பெயர்தான். ஆனால் அதைப் படித்தவர் உறையைக் குப்பையில் எறியமாட்டார்.

பசையின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பசை உஷ்ணத்தைக் கடத்துமேயன்றிக் குளிர்விப்பதில்லை. உஷ்ணம் சென்று சேரும் இடமே கொதித்துக்கொண்டிருந்தால், எந்தப் பசையும் மாட்யூலை அதனினும் குளிர்ச்சியாக்க முடியாது. 1980-களில் போர்டு நிறுவனம் தன் மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில், எஞ்சினின் உஷ்ணம் நேராக ஏறும் இடத்தில் பொருத்தியது. சூடேறியபின் வண்டி திடீரென்று நின்றுவிடுவதும், ஆறியபின் ஒன்றும் நடவாததுபோல் புறப்படுவதும் இவ்வமைப்பின் பழகிய நோயாயிற்று. பட்டறைக்குக் கொண்டு செல்வதற்குள் ஆறிவிடுவதால், சோதிப்பவர்க்குக் குற்றம் எதுவும் அகப்படுவதில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் பலமுறை ஆராய்ந்தும் வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடவில்லை. கலிபோர்னியாவின் அலமீடா மாவட்ட நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், 2000-ஆம் ஆண்டில், நிறுவனம் இக்குறையை மறைத்தது என நீதிபதி முடிவு செய்து, அம்மாநிலத்தில் சுமார் 17 இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு பணித்தார். நிறுவனம் குற்றத்தை மறுத்தது; 2001-இல் சமரசம் ஏற்பட்டு, 1983 முதல் 1995 வரையிலான மாடல்களின் உரிமையாளர்களுக்கு மாட்யூல் மாற்றிய செலவை ஈடு செய்ய ஒப்புக்கொண்டது. அதற்கு முன்னரே, பிந்திய மாடல்கள் பலவற்றில் மாட்யூல் டிஸ்ட்ரிபியூட்டரை விட்டுப் பிரிக்கப்பட்டு, தனி அலுமினிய உஷ்ணத் தகட்டுடன் எஞ்சினுக்கு அப்பால் வைக்கப்பட்டிருந்தது. அலுமினியத் தகட்டின் மேலும் பசை தேவையே. ஆயின் அங்கே அதன் வேலை இலேசானது.

ஆகவே புதிய மாட்யூலும் விரைவில் பழுதானால், பசையை மட்டும் குறை கூறிவிடுதல் கூடாது. மின்சுருளில் உட்குறை இருந்து அளவுக்கு மீறி மின்னோட்டம் ஈர்க்கப்படலாம். டிஸ்ட்ரிபியூட்டரின் தளம் அரித்து வளைந்திருக்கலாம். பாகமே போலியாகவும் இருக்கலாம். பசை சரியாகப் பூசப்பட்டதெனத் திடமாகத் தெரிந்தால்தான் மற்றக் காரணங்களைத் தேட இயலும் என்பதும் பசையில் கவனம் செலுத்துவதற்கு ஒரு காரணமாகும்.

இன்றைய வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டரே மறைந்துவிட்டது. ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் மேலும் தனித்தனிச் சுருள் அமர்ந்திருக்கிறது. எனவே இவ்விவாதம் பழைய வண்டிகளைப் பேணுவோர்க்கு மட்டுமே உரியது என்று தோன்றலாம். மின்சார ஸ்கூட்டரின் மோட்டார்க் கட்டுப்பாட்டுப் பெட்டி, வீட்டு இன்வெர்ட்டர், தெருவிளக்கின் எல்.இ.டி. தகடு ஆகிய யாவற்றிலும் சிலிக்கன் வில்லைக்கும் அலுமினியத்துக்கும் இடையில் இப்பசையோ இதன் இனத்தைச் சேர்ந்த மெல்லிய விரிப்போ இருக்கிறது. அவற்றைப் பழுதுபார்க்கக் கற்கும் இளைஞர்கள் பழைய மாட்யூல் ஒன்றைக் கழற்றிப் பார்ப்பது நல்ல பாடம். அதன் அடியில் பசை எங்கே படிந்திருக்கிறது, எங்கே படியவில்லை என்பதே உஷ்ணம் சென்ற பாதையின் வரைபடமாகும்.

பட்டறையில் செய்ய வேண்டியது சிறிது. பழைய பசையைத் துணியும் ஸ்பிரிட்டும் கொண்டு இரு பரப்புகளிலிருந்தும் முற்றிலும் துடைத்துவிட வேண்டும். பழைய வெண்பொடியின்மேல் புதிய பசையைப் பூசுவது பயனற்றது. எஃகு அளவுகோலின் விளிம்பைத் தளத்தின்மேல் வைத்து, ஒளி ஊடுருவுகிறதா என்று பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். பசையை அடித்தகட்டில் மட்டும், ஓரம் முதல் ஓரம் வரை, கீழுள்ள உலோகம் மங்கலாகத் தெரியும் அளவுக்குப் பரப்ப வேண்டும். மாட்யூலை வைத்துச் சிறிது முன்னும் பின்னும் அசைத்தால் சிறைப்பட்ட காற்று வெளியேறும். திருகாணிகள் இரண்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்குவது அவசியம். ஒன்றை முழுவதும் இறுக்கியபின் மற்றதைத் தொடுவதால் மாட்யூல் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். முடிந்தபின் ஓரங்களில் மெல்லிய கோடாகப் பசை பிதுங்கியிருந்தால் வேலை சரி. சுற்றிலும் எங்குமே பிதுங்கவில்லையெனில் ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நன்று.

மாட்யூலுடன் வரும் உறையிலுள்ள பசையே இவ்வளவுக்கும் போதுமானது. அது தொலைந்துவிட்டால், மின்னணு உறுப்புகள் விற்கும் கடையில் ‘ஹீட் சிங்க் பேஸ்ட்’ என்று கேட்டால் வெண்பசை கிடைக்கும். சிலிக்கோன் அடிப்படை உடையதா, எத்தனை டிகிரி தாங்கும் என்ற இரண்டு கேள்விகளை விற்பவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு சிறு குழாய் பல மாட்யூல்களுக்கு வரும். நெடுநாள் கிடந்த குழாயில் எண்ணெய் மேலே பிரிந்து நிற்பதுண்டு. அதை வடித்துவிடாமல், மீண்டும் பசையோடு நன்கு குழைத்தே பூச வேண்டும்.